புதிய ஃபேண்டஸி, அறிபுனை நாவல்களை எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள்? (பட்டியல் வேண்டாம், வழி சொல்லுங்கள்)

நடுநிசி வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். 'சிறந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல்கள்' என்று இணையத்தில் தேடினால் எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே பத்துப் புத்தகங்கள்தான் வரிசையில் நிற்கின்றன. டூன், ஃபவுண்டேஷன், நியூரோமான்சர், ஹைபீரியன். எல்லாம் படித்தாயிற்று, அல்லது வேண்டாம் என்று முடிவு கட்டியாயிற்று. ஃபேண்டஸி பக்கம் இன்னும் மோசம். டோல்கீனில் ஆரம்பித்து சாண்டர்சனில் முடிந்துவிடுகிறது.

கடைசியாக என்னை ஆட்டிப் படைத்தவை இரண்டு: சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி', ஏட்ரியன் சாய்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்'. இரண்டும் தற்செயலாகக் கையில் சிக்கியவை. தற்செயலை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவது? கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்தவற்றில் எனக்கு ஒத்துவருவதை நானே கண்டுபிடிக்க ஏதாவது ஒழுங்கான வழி உண்டா? தயவுசெய்து பத்துப் பெயரை வரிசையாகப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

கருந்துளை

முதல்ல ஒரு கேள்வி ப்ரோ. அந்த ரெண்டும் உங்களுக்கு ஏன் பிடிச்சுது? ஒண்ணுல, முடிவே இல்லாத மண்டபங்களும் சிலைகளும் நிறைஞ்ச ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தன் நாட்குறிப்பு எழுதிட்டிருக்கான். இன்னொண்ணுல சிலந்திங்க தலைமுறை தலைமுறையா ஒரு நாகரிகத்தையே கட்டுது. இந்த ரெண்டையும் எந்தத் தளமும் ஒரே வகைக்குள்ள போடாது. ஆனா உங்களுக்கு ரெண்டும் பிடிச்சிருக்கு. பொதுவா எதுவோ இருக்கு. அது என்னன்னு சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

நடுநிசி வாசகன்

நல்ல கேள்வி. யோசித்துப் பார்த்தேன். இரண்டிலும் 'இந்த உலகம் இப்படித்தான் இயங்குகிறது' என்று யாரும் உட்கார்ந்து பாடம் எடுப்பதில்லை. நாமாகத்தான் துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது. பிரனேசிக்குப் புரியாதது நமக்குப் புரிந்துவிடுகிற இடங்கள் வருமே, அங்கே வயிற்றைப் பிசைந்தது. சிலந்திக் கதையில் [இங்கே ஒரு வரி நெறியாளரால் மறைக்கப்பட்டது] என்று தெரியவரும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

பிடிக்காதது: வாரிசுச் சண்டை, தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன், மந்திரத்துக்கு விதிமுறைக் கையேடு. மூன்றில் எது வந்தாலும் கொட்டாவி.

நெறியாளர்

ஒரு வரியை மறைத்திருக்கிறேன். மன்னிக்கவும், ஆனால் அந்த நாவலின் பாதிச் சுவையே அதில்தான் இருக்கிறது. பின்னட்டையில் உள்ளதைத் தாண்டிக் கதை சொல்வதாக இருந்தால் ஸ்பாய்லர் குறி போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கருந்துளை

அப்ப நீங்க தேட வேண்டிய வகைக்குப் பேரு ஃபேண்டஸியும் இல்ல, எஸ்.எஃப்.பும் (சயின்ஸ் ஃபிக்‌ஷன்) இல்ல. 'ஒண்ணும் புரியாம ஆரம்பிச்சு மெல்ல மெல்லப் புரியுற கதை'. ஆளுங்ககிட்ட இப்படியே கேளுங்க, பதில் வேற மாதிரி வரும். பழசுல கேட்டா ஜீன் வுல்ஃபோட 'தி புக் ஆஃப் தி நியூ சன்' வரும். 1980ல தொடங்கினது, இன்னிக்கும் ஆளுங்க அதுல என்னதான் நடந்துச்சுன்னு சண்டை போட்டுட்டிருக்காங்க. புதுசுல கேட்டா ஆன் லெக்கியோட 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' (2013) வரும். கதை சொல்றது ஒரு காலத்துல பெரிய போர்க்கப்பலோட மூளையா இருந்தது, இப்ப ஒரே ஒரு மனித உடம்புக்குள்ள அடைஞ்சு கிடக்கு. அதோட மொழியில ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, அதனால எதிர்ல வர்ற எல்லாரையும் 'அவள்'னே சொல்லிட்டுப் போகும். யார் என்னன்னு நாமதான் ஊகிக்கணும்.

பெயர் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க, ரெண்டு சொல்லிட்டேன்.

மேகலை

நட்சத்திர மதிப்பெண்ணை நம்பாதே என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. வாசகர்கள் நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் ஏதாவது ஒரு நீண்ட சீரிஸை எடுத்துப் பாருங்கள். முதல் பாகத்துக்கு ஒரு மதிப்பெண் இருக்கும். இரண்டாவதுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, மூன்றாவதுக்கு இன்னும் கூட என்று பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். எழுத்தாளர் பாகத்துக்குப் பாகம் மெருகேறுகிறார் என்று தோன்றும். நடப்பது வேறு. முதல் பாகம் பிடிக்காதவர்கள் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. ஐந்தாம் பாகத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் எல்லோரும் அந்த எழுத்தாளருக்கு ஏற்கனவே விழுந்துவிட்டவர்கள். அதனால்தான் தனி நாவல்களும் விசித்திரமான நாவல்களும் மதிப்பெண் வரிசையில் எப்போதும் கீழே கிடக்கின்றன. எல்லா விதமான ஆட்களும் அவற்றைத் திறந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

புத்தகம் வெளிவருவதற்கு முன்னால் போடும் நட்சத்திரங்கள் இன்னும் மோசம். முன்பிரதி கிடைத்தவர்களின் நன்றியறிதல் பாதி, வேறு கணக்குகள் பாதி. 2023 டிசம்பரில் ஒரு அறிமுக எழுத்தாளர் போலிக் கணக்குகள் திறந்து, தன்னைப் போலவே முதல் நாவல் வெளியிடவிருந்த மற்றவர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டது வெளியே வந்தது. பதிப்பகம் அவருடைய நாவலையே கைவிட்டது. பிடிபட்டதால் நமக்குத் தெரியும்.

நான் செய்வது இதுதான். ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படிப்பதில்லை, ஒற்றை நட்சத்திரத்தையும் படிப்பதில்லை. இரண்டும் மூன்றும் போட்டவர்களைப் படிக்கிறேன். அவர்கள்தான் பொறுமையாகக் காரணம் எழுதுகிறார்கள். 'முதல் நூறு பக்கம் எங்கே இருக்கிறோம் என்றே விளங்கவில்லை, எழுத்தாளர் எதையும் விளக்க மறுக்கிறார்' என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தால், நடுநிசி சார், அது உங்களுக்கான விளம்பரம்.

அடுத்து ஆட்களைப் பிடிப்பது. பிரனேசிக்கு ஐந்து போட்டவர்கள் கணக்கில்லாமல் இருப்பார்கள், அதில் பயனில்லை. பிரனேசிக்கும் சில்ட்ரன் ஆஃப் டைமுக்கும் சேர்த்து ஐந்து போட்டு, எல்லோரும் கொண்டாடுகிற ஏதோ ஒன்றுக்கு இரண்டு போட்டவர் யார் என்று பாருங்கள். அந்தச் சேர்க்கை எவ்வளவு அபூர்வமோ அவ்வளவுக்கு அவர் ரசனை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படி மூன்று நான்கு பேர் சிக்கினால் போதும், எந்தப் பட்டியலும் தேவையில்லை. நான் எனக்கு நேர் எதிர் ரசனை உள்ள ஒருவரையும் பின்தொடர்கிறேன். அவர் 'இழுவை' என்று எழுதிய புத்தகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவேன். அவ்வளவு நம்பகமானவர்.

ஸ்டார்ஷிப் சரவணன்

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க மேடம்? ஹியூகோ, நெபுலா லிஸ்ட்டை எடுத்து மேலருந்து கீழ படிச்சிட்டு வந்தா முடிஞ்சுது. ஹியூகோ 1953ல இருந்து குடுக்கறாங்க, ஓட்டு போடறது வேர்ல்ட்கான்ங்கிற எஸ்.எஃப். ரசிகர் மாநாட்டு உறுப்பினர்களா இருக்கிற வாசகர்கள். நெபுலா எழுத்தாளர் சங்கத்துக்காரங்க அவங்களே ஓட்டு போட்டுக் குடுக்கறது. வாசகனும் ஒத்துக்கறான், தொழில் தெரிஞ்சவனும் ஒத்துக்கறான்னா புக்கு நல்லாத்தானே இருக்கணும்? ஜெமிசினோட 'ப்ரோக்கன் எர்த்' மூணு பாகமும் 2016, 17, 18னு வரிசையா மூணு வருஷம் ஹியூகோ வாங்குச்சு. நான் அப்படித்தான் அவங்களைக் கண்டுபிடிச்சேன்.

பழைய தாள்

சரவணன் தம்பி, விருதுகளை நானும் பார்க்கிறேன். ஆனால் மேலிருந்து கீழே படிப்பது சரியான வழி என்று தோன்றவில்லை. 2023 ஹியூகோவை மறந்துவிட்டீர்களா? சீனாவின் செங்டுவில் நடந்த வேர்ல்ட்கான். ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' அதற்கு முன்பே நெபுலா வாங்கியிருந்தது. ஹியூகோ இறுதிப் பட்டியலில் பெயரே இல்லை. 2024 ஜனவரியில் வாக்கு விவரங்கள் வெளியானபோதுதான் போதுமான பரிந்துரைகள் இருந்தும் 'தகுதியற்றது' என்று, காரணம் எதுவும் சொல்லாமல், ஒதுக்கியிருந்தது தெரிந்தது. பிறகு கசிந்த மின்னஞ்சல்களைப் பார்த்தால், சீனாவுக்கு உறுத்தலாக இருக்கக்கூடிய எழுத்தாளர்கள் யார் யார் என்று நிர்வாகிகளே துருவிப் பார்த்திருக்கிறார்கள்.

அது ஒரு வருஷத்துக் கூத்து என்று வைத்துக்கொண்டாலும், வாக்கெடுப்பு விருதில் எப்போதும் ஒரு சாய்வு இருக்கும். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது ஜெயிக்கும். சிலருக்கு உயிராகவும் சிலருக்கு வேம்பாகவும் இருப்பது பட்டியலோடு நின்றுவிடும். நடுநிசி வாசகன் கேட்பது இந்த இரண்டாம் வகையை. அதனால் ஜெயித்ததை விட்டுவிடுங்கள், குறும்பட்டியலைப் பாருங்கள். அதிலும் நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் விருதுகளை. ஆர்தர் சி. கிளார்க் விருது அப்படிப்பட்டது. சில நடுவர்கள் அந்த வருஷம் வந்து குவிந்ததை எல்லாம் படித்து ஆறு நாவல்களை எடுத்து வைப்பார்கள். 1987இல் முதல் விருதையே மார்கரெட் அட்வுட்டுக்குக் கொடுத்து, 'இது எஸ்.எஃப். தானா?' என்ற சண்டையோடு தொடங்கிய விருது அது. இன்றைக்கும் அந்தக் குணம் போகவில்லை. 2024இன் ஆறில் லாவண்யா லக்ஷ்மிநாராயணின் 'தி டென் பர்சென்ட் தீஃப்' இருந்தது. இந்தியாவில் 2020இலேயே 'அனலாக்/விர்ச்சுவல்' என்ற பெயரில் வந்துவிட்ட புத்தகம். அப்போது நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

இன்னொரு இடம், லோகஸ் பத்திரிகை. 1968இல் இருந்து வருகிறது. ஒவ்வொரு பிப்ரவரியும் முந்தைய வருஷத்துக்கான பரிந்துரைப் பட்டியல் ஒன்றைப் போடுவார்கள். அதில் முதல் நாவல்களுக்கு என்று தனிப் பகுதி இருக்கும். புது ஆட்களைத் தேடுகிறவர் நேராக அங்கே போகலாம்.

ஸ்டார்ஷிப் சரவணன்

சார், பேபல் மேட்டர் ஒத்துக்கறேன். ஆனா அது ஹியூகோவோட தப்பு இல்ல, அந்த வருஷத்துக் கமிட்டியோட தப்பு. மத்தபடி குறும்பட்டியல் பாயிண்ட் ஓகே.

சொல்லேர்

நாவல் தேடுகிறீர்கள், ஆனால் வழி சிறுகதையில் இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் முதலில் சிறுகதையில்தான் கை பழகுகிறார்கள். கிளார்க்ஸ்வர்ல்ட், லைட்ஸ்பீட், அன்கேனி, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் நான்கையும் இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். அரை மணி நேரத்தில் ஒரு எழுத்தாளரின் நடை நமக்குச் சரிவருமா என்று தெரிந்துவிடும். அறுநூறு பக்க நாவலில் மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிடித்த பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவருடைய முதல் நாவல் அறிவிப்பு வரும்போது, மற்றவர்களுக்கு அவர் புதியவர், உங்களுக்குப் பழக்கமானவர்.

சிலர் நாவல் பக்கமே வரமாட்டார்கள் என்பதும் உண்மை. டெட் சியாங் இதுவரை நாவலே வெளியிட்டதில்லை. 'அரைவல்' படம் அவருடைய 1998ஆம் வருஷத்துக் குறுநாவலில் இருந்து எடுத்தது.

இந்தப் பத்திரிகைகளுக்கு வந்திருக்கும் சோதனையையும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வர்ல்ட் கொஞ்ச காலம் கதை வாங்குவதையே நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்த கதைகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்துவிட்டன. அவற்றைக் கழித்துக் கட்டவே ஆசிரியருக்கு நேரம் போதவில்லை. ஒரு ஆசிரியர் உட்கார்ந்து படித்துப் பொறுக்கியெடுத்தது என்பதற்கு இப்போது முன்னைவிட மதிப்பு அதிகம்.

பட்டாம்பூச்சி விளைவு

நான் கொஞ்சம் வேற கட்சி. எல்லாரும் பத்திரிகை, நடுவர் குழுன்னு பேசறீங்க. எனக்கு நல்ல புக்கெல்லாம் சம்பந்தமே இல்லாத ஆளுங்க கத்தினதுலதான் கிடைச்சிருக்கு.

'திஸ் இஸ் ஹௌ யூ லூஸ் தி டைம் வார்' தெரியும்ல? அமல் எல்-மொஹ்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டனும் சேர்ந்து எழுதினது, 2019. காலப் போர்ல எதிரெதிர் கட்சியில இருக்கிற ரெண்டு உளவாளிங்க ஒருத்தருக்கொருத்தர் லெட்டர் எழுதிக்கறாங்க. ஹியூகோ, நெபுலா ரெண்டும் வாங்கியாச்சு. வாங்கி வருஷக்கணக்காச்சு. 2023 மே மாசம், 'ட்ரைகன்' அனிமே வெறியர் ஒருத்தர், பிகோலஸ் டிகோலஸ்னு பேர் வச்ச அக்கவுன்ட், 'இதைப் பத்தி ஒண்ணும் தேடிப் பார்க்காதீங்க, அப்படியே படிங்க'ங்கிற மாதிரி ட்விட்டர்ல கத்தினாங்க. அவ்வளவுதான், அமேசான்ல மொத்த விற்பனைப் பட்டியலோட உச்சிக்குப் பக்கத்துல போயிருச்சு. ரெண்டு பெரிய விருதால செய்ய முடியாததை ஒரு ரசிகரோட ஒரே ட்வீட் செஞ்சுது. ஏன்னா அந்த ஆள் புக் விக்க வந்தவர் இல்ல, நிஜமாவே பைத்தியம் பிடிச்சுப் பேசினார்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

டிக்டாக்ல புக்கைப் பத்திப் பேசுற புக்டாக்கும் அப்படித்தான். டிராகனும் காதலும் வேணாம்னா தள்ளிட்டுப் போங்க. அழுதுகிட்டே ஒருத்தர் பேசுற புக்குல ஏதோ இருக்கும்.

மேகலை

அழுதுகொண்டே பேசுவதும் இப்போது ஒரு வீடியோ வகை ஆகிவிட்டது தங்கச்சி. ஆனால் 'டைம் வார்' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. துறைக்கு வெளியே இருந்து வரும் குரலுக்குத் தனி வலு உண்டு. 2024 புக்கர் வாங்கிய சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' முழுக்க விண்வெளி நிலையத்துக்குள் ஒரே நாளில் நடக்கிறது. ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடம். இலக்கிய வாசகர்கள் அதை எஸ்.எஃப். என்று ஒத்துக்கொள்ளவில்லை, எஸ்.எஃப். வாசகர்கள் பலர் கண்டுகொள்ளவே இல்லை. வேலிக்கு இரண்டு பக்கமும் பார்க்கிறவருக்குத்தான் இப்படிப்பட்டவை கிடைக்கும்.

கருந்துளை

சுய பதிப்பைப் பத்தி யாராவது பேசுவீங்கன்னு பார்த்தேன். குப்பைன்னு ஒதுக்கிடாதீங்க. ஆண்டி வீர் 'தி மார்ஷியன்' எழுதினப்ப 2009ல இருந்து தன்னோட வலைத்தளத்துல அத்தியாயம் அத்தியாயமா போட்டாரு. படிச்சவங்க கணக்குல, வேதியியல்ல தப்பு கண்டுபிடிச்சுச் சொல்ல, திருத்திட்டே போனாரு. 2011ல கிண்டில்ல தானே வெளியிட்டாரு, பெரிய பதிப்பகம் கைக்கு வந்தது 2014ல. பெக்கி சேம்பர்ஸோட முதல் நாவல் கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டி வந்தது. அந்த சீரிஸ்தான் 2019ல ஹியூகோ வாங்குச்சு.

பிரச்சனை சல்லடைதான். அதுக்கு மார்க் லாரன்ஸ்னு ஃபேண்டஸி எழுத்தாளர் ஒருத்தர் 2015ல ஒரு போட்டி ஆரம்பிச்சாரு, எஸ்.பி.எஃப்.பி.ஓ.ன்னு பேரு. சுயமா வெளியிட்ட 300 ஃபேண்டஸி நாவல், பத்து விமர்சகர் குழு. ஆளுக்கு முப்பது எடுத்துப் பிரிச்சு, அதுல ஒண்ணை மட்டும் மேல அனுப்புவாங்க. கடைசிப் பத்தைப் பத்துக் குழுவும் படிச்சு மதிப்பெண் போடும். எம். எல். வாங்கோட 'தி ஸ்வோர்ட் ஆஃப் காய்கென்' அப்படி ஜெயிச்சதுதான். இறுதிப் பத்து லிஸ்ட்ட மட்டும் ஒவ்வொரு வருஷமும் எடுத்துப் பாருங்க, போதும்.

கல்லாடன்

எல்லோரும் ஆங்கிலப் புத்தகமாகவே அடுக்குகிறீர்கள். தமிழில் ஒன்றுமே இல்லையா? 'என் இனிய இயந்திரா'வோடு கதை முடிந்துவிட்டதா?

பழைய தாள்

முடியவில்லை. ஆனால் நாவலாகத் தேடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. சுஜாதா விகடனில் 'என் இனிய இயந்திரா'வின் ரோபோ நாய் ஜீனோவை நடமாட விட்டபோது, குழந்தை பெறவே அரசாங்க அனுமதி வேண்டிய ஒரு நாட்டை வாராவாரம் லட்சக்கணக்கான பேர் தொடர்கதையாகப் படித்தார்கள். அந்தத் தொடர்கதை மேடை சுருங்கியபோது நீண்ட அறிபுனைக்கு இடமும் சுருங்கியது. அதே விகடனில் தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' வந்தது, அது ஒரு விதிவிலக்கு.

மற்றபடி தமிழ் அறிபுனையின் உயிர் சிறுகதையில் இருக்கிறது. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பைப் படித்துப் பாருங்கள். ராக்கெட்டும் ரோபோவும் இல்லாமல், நம் மரபிலேயே இருக்கிற அறிவுத்துறைகளில் இருந்து கதை கிளப்புவார். இணையத்தில் 'அரூ' மின்னிதழ் அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. அந்தக் கதைகளின் தரம் ஏறி இறங்கும். ஆனால் அடுத்த தமிழ் அறிபுனை நாவலை எழுதப்போகிறவர் அந்தப் பெயர்களுக்குள்தான் இருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் வெ. ஸ்ரீராமின் 'ஃபாரன்ஹீட் 451' இருக்கிறது. அது புதிது இல்லை என்றாலும்.

சொல்லேர்

மொழிபெயர்ப்பு என்றதும் ஞாபகம் வந்தது. மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வதும் ஒரு வழி. லியு சிசினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' 2006இல் சீனப் பத்திரிகையில் தொடராக வந்து, 2008இல் நூலாகி, 2014இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. மறு வருஷம் ஹியூகோ. சீன நூலில் கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் நடுவில் புதைந்து கிடந்தன. மொழிபெயர்த்த கென் லியு, ஆசிரியரின் ஒப்புதலோடு, அவற்றை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தார். அதே கென் லியு தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்த 'இன்விசிபிள் பிளானட்ஸ்' (2016), 'ப்ரோக்கன் ஸ்டார்ஸ்' (2019) இரண்டு தொகுப்புகளையும் படித்தால் ஒரு நாட்டின் அறிபுனையே கண்முன் விரியும். நம் பக்கத்துக்கு, தருண் செயின்ட் தொகுத்த 'தி கொலான்ஸ் புக் ஆஃப் சவுத் ஏஷியன் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' (2019). முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. பிடித்த மூன்று பெயரைப் பிடித்துக்கொண்டு அவர்களின் நாவலுக்குப் போங்கள்.

ஸ்டார்ஷிப் சரவணன்

ஒரு சந்தேகம். எத்தனை பக்கம் பார்த்துட்டு விடறது? நான் ஜெமிசினோட 'தி ஃபிஃப்த் சீசன்'ல முதல்ல தடுமாறினேன். 'நீ இப்படிச் செய்கிறாய், நீ அங்கே போகிறாய்'னு நம்மளைப் பார்த்தே கதை சொல்லும். கடுப்பாயிருச்சு. ஆனா கடைசில அது ஏன் அப்படின்னு தெரியறப்ப... சொல்ல மாட்டேன், நெறியாளர் பார்த்துட்டிருக்காரு.

கருந்துளை

ஐம்பது பக்கம்னு பொதுவா சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. புரியலையேன்னு தோணுதா, அக்கறை இல்லையேன்னு தோணுதா? புரியலைன்னா தொடர்வேன். யாருக்கு என்ன ஆனா என்னன்னு தோணிட்டா பத்தாம் பக்கத்துலயே மூடிடுவேன். கிண்டில்ல இலவச சாம்பிள் வருமே, அதுக்குள்ள இது தெரிஞ்சுடும்.

பட்டாம்பூச்சி விளைவு

எனக்கு வேற ரூல். முடியாத சீரிஸைத் தொடவே மாட்டேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதின மார்ட்டின் கடைசியா அஞ்சாம் பாகம் குடுத்தது 2011. ஃபேண்டஸி எழுத்தாளர் பேட்ரிக் ராத்ஃபஸ் தன் சீரிஸோட ரெண்டாம் பாகம் குடுத்ததும் 2011. நான் அப்ப ஸ்கூல்.

மேகலை

கோபம் நியாயம். ஆனால் எல்லோரும் இப்படிக் காத்திருந்தால், புதிய எழுத்தாளரின் முதல் பாகம் விற்காது, பதிப்பகம் மூன்றாம் பாகத்தை வெளியிடாது. நீங்கள் பயந்ததே நடந்துவிடும். மார்ட்டினுக்காக அறிமுக எழுத்தாளரைத் தண்டிக்காதீர்கள். சீரிஸ் வேண்டாமென்றால் குறுநாவல் படியுங்கள். ஹியூகோ விதிப்படி 17,500 முதல் 40,000 சொற்கள் வரை அந்த வகை, ஒரு நாள் மாலையில் முடியும். மார்த்தா வெல்ஸின் மர்டர்பாட் தொடரின் முதல் புத்தகம் (2017) அந்த அளவுதான், தனியாகவும் நிற்கும்.

நடுநிசி வாசகன்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக மேகலை அவர்களுக்கு. அந்த 'அபூர்வச் சேர்க்கை' வித்தையைச் செய்து பார்த்தேன். என் இரண்டு நாவல்களுக்கும் ஐந்து போட்டவர்களில் இரண்டு பேர் உருப்படியாகக் காரணம் எழுதுகிறவர்கள். இரண்டு பேருமே கொண்டாடியிருந்த ஒரு நாவல், கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). லோகஸ் முதல் நாவல் பகுதியிலும் அதே பெயர். மூன்று நட்சத்திர விமர்சனங்களில் 'எங்கே போகிறது என்றே தெரியவில்லை' என்று புலம்பல். உடனே சாம்பிள் எடுத்தேன்.

பிறந்தவுடன் தாய் மகனின் நிழலைப் பிய்த்து எறிகிறாள். தகப்பனைக் கொல்வதற்கென்றே அவனை வளர்க்கிறாள். தகப்பன் சாதாரண ஆள் இல்லை, ஊரே கும்பிடும் மகான். வளர்ந்தபிறகு அவன் வேறொரு நகரத்துக்குப் போய், 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்' ஆக முடியாமல் போனவர்களுக்கான ஆதரவுக் குழுவில் சேர்கிறான்! தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன் என்றாலே கொட்டாவி என்று எழுதியவன் நான். இதை இப்படியும் செய்யலாமா என்று வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டேன். புத்தர் கதையைத் தெரிந்தவர்களுக்கு அடியில் இன்னொரு கதை ஓடும். பாதி முடித்திருக்கிறேன். முடித்ததும் இதே எழுத்தாளரின் அடுத்ததற்குப் போகலாமா, வேறு ஆளா?

பழைய தாள்

நெபுலா வாங்கிய நாவலும்கூட அது. சரவணன் சந்தோஷப்படுவார்.

ஸ்டார்ஷிப் சரவணன்

நான் முதல்லயே சொன்னேன் 😄

கருந்துளை

அடுத்தது 'ரேக்ஸ்ஃபால்' (2024). 2025ல லெ குவின் பரிசு வாங்குச்சு. ஆனா ஒண்ணு, அது பல பிறவி, பல யுகம், கதைக்குள்ள நாடகம்னு ஓடும். 'பிரைட் டோர்ஸ்' அதுக்கு முன்னால ரொம்ப நேர்கோடு. கையோட எடுத்தா மூச்சு முட்டும். நடுவுல ராபர்ட் ஜாக்சன் பென்னட்டோட 'தி டெயின்டட் கப்' (2024) ஒண்ணு படிச்சுட்டுப் போங்க. ஒரு அதிகாரி உடம்புக்குள்ள இருந்து செடி முளைச்சுச் செத்துக் கிடக்கான், யார் செஞ்சாங்கன்னு துப்புத் துலக்கணும். உலகத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டாத்தான் கொலையே புரியும். உங்க ஆளு.

நடுநிசி வாசகன்

செடியா? சாம்பிள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மேகலை

அதற்கு நம் எதிர் ரசனைக்காரர் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். 'பெயர்கள் எதுவும் மனசில் நிற்கவில்லை, யாரும் எதையும் விளக்கவில்லை, இழுவை.' தாராளமாக எடுங்கள் சார்.